கிணறு கலக்கும் வலு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறொன்று இல்லை. மாரியில் வீழும் மழை மண்ணூடே கசிந்து சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்குகின்றது. தேங்கியதை மனிதர் கிணறு வெட்டி எடுக்கின்றனர். குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்நீரே. இதனாலேயே காணியொன்றை விற்கும்போது கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் எத்தனை பங்கு என்பது உறுதியில் எழுதப்படுவதாயிற்று. கிணற்றுப் பங்கு குறித்து மூண்ட வழக்குகள் எத்தனை குடும்பங்களைப் பிரித்தன என்பது தனியே எழுதத்தக்க வரலாறு.

அத்தகைய கிணற்றை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கலக்கி இறைத்தல் வழக்கம். நீர் நன்கு தாழ்ந்திருக்கும் ஆடி, ஆவணி மாதங்களே அதற்கு உகந்த காலம். உள்ள நீரை முற்றாக வெளியேற்றி, அடியிற் படிந்த சேற்றையும் இலைகுழைகளையும், பிள்ளைகள் கைதவறவிட்ட வாளி, செம்பு முதலியவற்றையும் அகற்றி, கட்டில் ஒட்டிய பாசியைத் தேய்த்துக் கழுவி, ஊற்றுக்கண்களைத் துப்புரவாக்கி விடுவர். மறுநாட் காலையில் தெளிந்த புதுநீர் நிற்கும்.

வலிகாமத்துக் கிராமமொன்றில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்துவரும் ஒருவர் உளர். விடியலில் துவிச்சக்கர வண்டியின் பின்புறத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தை இறப்பர்ப் பட்டியால் இறுகக் கட்டி, குழாயைச் சுருட்டித் தோளில் மாட்டி, கயிறும் வாளியும் கைப்பிடியில் தொங்க, ஒழுங்கைக்குள் அவர் வண்டியை உருட்டிச் செல்லும் காட்சி அவ்வூரவர்க்குப் பழகிப்போன ஒன்று. ஏறிச் செல்வதில்லை. இருபது, இருபத்தைந்து கிலோகிராம் நிறையுள்ள இயந்திரம் பின்னே இருக்கையில் ஏறினால் வண்டி நிலை தளம்பும்.

அவரது தொழிலின் தனி இடர்ப்பாடு இக்காட்சியிலேயே அடங்கியுள்ளது. தையற்காரர் இருந்த இடத்திலிருந்து தொழில் செய்யலாம். துணி அவரிடம் வரும். கிணறு எவரிடமும் வருவதில்லை. தச்சர் உளியையும் வாளையும் கொண்டு செல்வதுபோல இவரும் தம் கருவிகளைக் கொண்டு செல்லலாம். ஆனால் கருவியை இயக்கும் வலுவையும் இவரே சுமந்து செல்ல வேண்டியுள்ளது. எதைச் சுமப்பது என்ற கேள்விக்கு அவர் தம் வாழ்நாளில் நான்கைந்து விடைகளைக் கண்டார். ஒவ்வொரு விடையும் ஒரு வசதியையும், கூடவே ஓர் ஆபத்தையும் கொண்டுவந்தது.

பாடசாலைப் பௌதிகவியலிற் சக்தி வேறு, வலு வேறு. செய்யப்படும் வேலையின் மொத்த அளவைக் குறிப்பது சக்தி. அது எவ்வளவு விரைவாகச் செய்யப்படுகின்றது என்பதைக் குறிப்பது வலு. பரீட்சைத் தாளில் இவ்விரண்டையும் மயக்கினால் சில புள்ளிகள் குறையும். கிணற்றடியில் மயக்கினால் நேர்வது வேறு.

இரண்டரை மீற்றர் விட்டமுள்ள கிணறொன்றில் இரண்டு மீற்றர் ஆழத்துக்கு நீர் நிற்பதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 10,000 லீற்றர். அந்நீரை ஆறு மீற்றர் உயரத்துக்கு ஏற்றுவதற்குத் தேவையான சக்தி எவ்வளவு? மின்சாரப் பட்டியலிலே காணப்படும் அலகில் அளந்தால் ஓர் அலகின் ஆறிலொரு பங்கு மட்டுமே. ஆயிரம் வாற்று மின்கேத்தலொன்று பத்து நிமிடத்தில் உண்பது அவ்வளவுதான். பம்பியிலும் குழாயிலும் வீணாவதையெல்லாம் சேர்த்து மூன்று மடங்காகக் கொண்டாலும் அரை அலகு. ஒரு கிணற்றின் நீர் முழுவதையும் வெளியேற்றும் வேலை நான்கைந்து முறை தேநீருக்கு நீர் கொதிக்க வைப்பதிலும் பெரிதன்று என்பதைக் கேட்கும் எவரும் முதலில் நம்ப மறுப்பர்.

அவ்வாறாயின் இரண்டு குதிரைவலு இயந்திரத்தைச் சுமப்பது ஏன்? கிணறு தொட்டியன்று. இறைக்க இறைக்க ஊறும். நிமிடத்துக்கு நூறு லீற்றர் ஊறும் கிணற்றில் நிமிடத்துக்கு நூறு லீற்றர் இறைப்பவன் நாள் முழுவதும் இறைத்தாலும் அடியைக் காணமாட்டான். ஊறுவதை முந்த வேண்டும். முந்தியபின், ஆள் இறங்கிச் சேறு வாரும் நேரம் முழுவதும் முந்திக்கொண்டே இருக்க வேண்டும். வேலை சிறிது, ஆயின் விரைவு பெரிது. கிணறு கலக்குபவரின் தொழிற் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறப்பதே.

அவர் சிறுவனாகத் தந்தையுடன் சென்ற எழுபதுகளின் தொடக்கத்திற் பல தோட்டங்களில் இயந்திரங்கள் வந்துவிட்டன. எனினும் வீட்டுக் கிணறுகள் பலவற்றிலே துலா நின்றது. எடை குறைந்தவன் என்பதாற் சிறுவன் துலாவின்மேல் ஏற்றப்பட்டான். முன்னும் பின்னும் அவன் நடக்க, கீழே ஒருவர் துலாக்கொடியைப் பிடித்துப் பட்டையை அமிழ்த்தி எடுப்பார். துலா ஒன்றினால் ஊற்றை முந்த முடியாத கிணறுகளில் நால்வர் ஐவர் சுற்றி நின்று கயிற்றிலும் வாளியிலும் கைமாற்றி இறைத்தனர். உரமுள்ள ஒருவர் இடைவிடாது தரக்கூடிய வலு ஏறத்தாழ எழுபத்தைந்து வாற்று. ஐவர் கூடினால் அரைக் குதிரைவலு. அன்றைய சுமந்து செல்லத்தக்க வலு இதுவே. அது தானாக நடந்து வந்தது. அதற்குக் கஞ்சியும் பழஞ்சோறும் எரிபொருளாயின.

அக்காலத்தைப் பொற்காலமென எவரும் எழுதிவிடலாகாது. கிணற்றை வெட்டியவனும் கலக்கி இறைத்தவனும் மறுநாள் அதே கிணற்றில் தன் கையால் அள்ளிக் குடிக்க முடியாதிருந்த வீடுகள் பல. அவருடைய தந்தைக்குச் சிரட்டையில் வார்க்கப்பட்டதை அவர் கண்டிருக்கின்றார். அதைப்பற்றிக் கேட்டாற் பேச்சை மாற்றிவிடுவார்.

தந்தையிடமிருந்து அவர் கற்றவற்றுள் ஒன்று விளக்குச் சோதனை. நெடுநாள் பாவியாத கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கொன்றைக் கயிற்றிற் கட்டி அடிவரை இறக்குவர். சுடர் அணைந்தால் உள்ளே கெட்ட காற்று உண்டு, இறங்கலாகாது. அழுகும் இலைகளிலிருந்து எழும் காபனீரொட்சைட்டு காற்றிலும் பாரமானது. அது அடியில் தங்கி ஒட்சிசனை விலக்கும், விளக்கும் அணையும். ஆக, அக்காலத்துக்கு அச்சோதனை முற்றிலும் பொருத்தமானது. அக்காலத்துக்கு என்பதை அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது.

எண்பதுகளில் மண்ணெண்ணெயில் ஓடும் பழைய இயந்திரமொன்றை அவர் வாங்கினார். அவ்வகை இயந்திரங்களில் இரு அறைகள் உண்டு. சிறிய அறையிலுள்ள பெற்றோலில் இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறியபின் பெரிய அறையின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். ஐவர் செய்த வேலையை இருவர் செய்யலாயினர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து குடாநாட்டின் மின்சாரம் போயிற்று. பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெய் அருமையாகி விலை பன்மடங்காயிற்று. மின்சூள் விளக்குக்கான சிறு மின்கலங்களும் தடைப் பட்டியலில் இருந்தன. மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. சுமந்து செல்லத்தக்க வலு எதுவோ அது யாவும் கடத்தற் பொருளாயிற்று என்று சொன்னால் மிகையாகாது. அந்நாட்களில் அவர் மருந்துப் புட்டியொன்றில் அடைத்த பெற்றோலை மடியில் முடிந்துகொண்டு வேலைக்குச் செல்வார். ஊசிமருந்துக் குழலாற் சில துளிகளை விட்டு இயந்திரத்தைத் தொடக்குவார். தொடங்காவிட்டால் அன்றைய கூலி போயிற்று, துளியும் போயிற்று. அப்போது அவர் மறுபடியும் ஆட்களைத் திரட்டி வாளியால் இறைத்த நாட்களும் உண்டு. பழைய துலாக்களுட் சில அவ்வாண்டுகளில் மீண்டும் எழுந்தன.

2002 இல் ஏ9 பாதை திறக்கப்பட்டபோது தெற்கிலிருந்து வந்த பொருட்களோடு இலகுவான பெற்றோல் பம்பிகளும் வந்தன. அவரும் ஒன்றை வாங்கினார். கயிற்றை ஒருமுறை இழுத்தால் இயங்கிற்று. நிமிடத்துக்கு முந்நூறு லீற்றர் இறைத்தது. நீர் ஊறாத கிணறானால் அரை மணித்தியாலத்தில் அடி தெரிந்தது. நாளுக்கு மூன்று கிணறுகள் முடித்த நாட்கள் உண்டு. அந்த மகிழ்ச்சி மறு ஆண்டு ஆவணி வரை நிலைத்தது.

நிலத்தின்மேல் வைக்கப்படும் பம்பி நீரை இழுப்பதாகத் தோன்றினும் உண்மையில் அது இழுப்பதில்லை. குழாயிலுள்ள காற்றை அது அகற்றுகின்றது; வெளியிலுள்ள வளிமண்டல அமுக்கமே நீரை மேலே தள்ளுகின்றது. அவ்வமுக்கம் தள்ளக்கூடிய உச்ச உயரம் 10.3 மீற்றர். நடைமுறையில் ஏழு மீற்றருக்கு மேற் கிடைப்பது அரிது. எவ்வளவு பெரிய இயந்திரமானாலும் இவ்வெல்லையைத் தாண்டாது. செம்மண் நிலத்திலுள்ள ஆழமான கிணறொன்றின் நீர் அவ்வாண்டு அவ்வெல்லைக்குக் கீழே போயிருந்தது. இயந்திரம் உறுமிற்று, நீர் ஏறவில்லை. உடன் வந்த இளைஞன் சொன்னான்:

“அண்ணை, எஞ்சினை உள்ளுக்கு இறக்கினால்தான் தண்ணி ஏறும். பலகை போட்டு இறக்குவமே?”

அவர் தயங்கினார். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார், மறுநாள் வீட்டில் விசேடம். முடிவில் அவரே இசைந்தார். மூன்று மீற்றர் கீழே கிணற்றுக் கட்டிற் பலகைகளைப் பொருத்தி இயந்திரம் வைக்கப்பட்டது. வழக்கம்போல விளக்கு இறக்கப்பட்டது. அது அணையாமல் எரிந்தது. ஏணியின் ஒரு படி உக்கியிருந்தமையால் இளைஞனின் இடுப்பிற் கயிறொன்று கட்டப்பட்டது. நீர் வற்றத் தொடங்கியதும் அவன் அடிக்கு இறங்கிச் சேற்றை வாளியில் நிரப்பலானான். மூன்றோ நான்கோ வாளிகள் மேலே வந்தன. ஐந்தாவது வரவில்லை. மேலிருந்து கூப்பிட்டனர். இயந்திரத்தின் இரைச்சலில் அவன் பதில் சொன்னானா இல்லையா என்பது எவருக்கும் தெரியவில்லை.

அவர் கிணற்றுக் கட்டிற் காலை வைத்தபோது அவ்வீட்டு முதியவள் அவரது சாரத்தைப் பற்றிக்கொண்டாள். “இறங்காதை தம்பி, நீயும் போடுவாய். கயித்தை இழு” என்றாள். எங்கிருந்து அவளுக்கு அது தெரிந்ததென்று அவர் இன்றுவரை வியக்கின்றார். ஏணிப்படி உக்கியதற்காகக் கட்டிய கயிறு அவனை மேலே கொண்டுவந்தது. முற்றத்தில் கிடத்தியபோது மூச்சு இருந்தது. வைத்தியசாலையில் ஒட்சிசன் கொடுத்தார்கள், பிழைத்தான். பல கிழமைகள் தலையிடியோடு திரிந்தவன் பின்னர் இத்தொழிலுக்கு வரவில்லை.

பெற்றோல் இயந்திரத்தின் புகையிற் காபனோரொட்சைட்டு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் இருநூறு மடங்குக்கு மேலாக அதனைப் பற்றிக்கொள்ளும். காற்றில் ஆயிரத்திலொரு பங்கு இருந்தாலே ஆளை வீழ்த்தப் போதுமானது. ஆனால் அந்த அளவு விளக்கை அணைக்காது. சுடருக்கு வேண்டிய ஒட்சிசன் அங்கே இருக்கும். மனிதனுக்கு அது பயன்படாது. தலைமுறைகள் நம்பிய சோதனை புதிய வலு வந்தவுடன் பொய்த்துவிட்டது, அதை எவரும் அறிவிக்கவுமில்லை. கிணற்றுக்குள் இயந்திரம் வைத்து மாண்டோர் பற்றிய செய்திகள் நம் பத்திரிகைகளில் வரும்போது, காப்பாற்ற இறங்கியவரும் மாண்டார் என்ற வரி அடிக்கடி கூடவே வருவதைக் கவனித்திருப்பீர்கள். முதியவள் பற்றியிருந்திராவிடின் அவரும் அவ்வரியில் அடங்கியிருப்பார்.

அன்றிலிருந்து அவர் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கியதில்லை. இதன் பொருள், ஏழு மீற்றருக்குக் கீழே நீர் நின்ற கிணறுகள் யாவும் அவர் கையை விட்டுப் போயின என்பதே. துணிந்தவர் சிலர் அவ்வேலைகளை எடுத்துக்கொண்டனர். அவரது வீட்டில் அடுப்பெரியாத நாட்கள் சிலவற்றுக்கு அந்தத் தீர்மானமே காரணம். மனைவி அதை ஒருபோதும் குறையாகச் சொன்னதில்லையாம்.

2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தது. வடமராட்சிக் கிழக்கிலிருந்து மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகள் ஈறாகப் பல்லாயிரம் கிணறுகளிற் கடல்நீரும் சேறும் புகுந்தன. இயந்திரங்களோடு துப்புரவாக்கும் குழுக்கள் புறப்பட்டன. அவரும் தமது பம்பியோடு வடமராட்சிக் கரைக்குச் சென்றார். இறைத்தார்கள், நீர் உவர்த்தது. மறுபடியும் இறைத்தார்கள், மேலும் உவர்த்தது. ஒரே கிணற்றை இன்று ஒரு குழு, நாளை இன்னொரு குழு என இறைத்ததும் உண்டு. எரிபொருளுக்கு அப்போது குறைவில்லை. உதவி வந்துகொண்டிருந்தது.

மணற்பாங்கான கரையில் நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் என்போர் கண்ட விதி. மறுதலையாக, மேலே ஓர் அடியை இறைத்துத் தாழ்த்தினாற் கீழேயுள்ள உவர்நீர் பலமடங்கு உயர முனையும். துலா மிதித்த காலத்திற் கிணற்றின் நீரை அவ்வளவு விரைவாகத் தாழ்த்த எவராலும் இயலவில்லை. ஆகையால் அந்த விதி கிணறு கலக்குவோரைத் தொந்தரவு செய்யவில்லை. கிழக்குக் கரையில் ஆய்வு நடத்திய சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தினர், திரும்பத் திரும்ப இறைத்தமையாற் பெரும்பயன் விளையவில்லை, மழையே கிணறுகளை மீட்டது என்ற முடிவுக்கு வந்தனர். பின்னர் வெளிவந்த வழிகாட்டிகள் மெதுவாகவும் அளவோடும் இறைக்குமாறு கூறின. கரையோரத்துக் கிழவர் ஒருவர், “மாரி வரட்டும், பாப்பம்” என்று தொடக்கத்திலேயே சொன்னதாக அவர் நினைவுகூர்வார். இயந்திரத்தோடு வந்த இளைஞர் அதைச் சோம்பேறித்தனமெனக் கருதினர். தாமும் அவ்வாறே கருதியதாக அவர் ஒப்புக்கொள்கின்றார்.

போர் முடிந்து தேசிய மின்வலையமைப்பு மீண்டும் குடாநாட்டை எட்டியபின் அவருக்கு ஆழக் கிணறுகள் திரும்பின. நீர்மூழ்கிப் பம்பி நீருக்குள்ளேயே இருந்து நீரை மேலே தள்ளுவதால் ஏழு மீற்றர் எல்லை அதனைக் கட்டுப்படுத்தாது, புகையும் இல்லை. ஆனால் மின் எங்கிருந்து வருவது? வீட்டுக்காரரின் சுவரிலுள்ள குழியிலிருந்து நீளவயர் இழுக்கலாம். இருபது யார் வயரில் மூன்று முடிச்சு. முடிச்சைச் சுற்றிய நாடா பாதி கழன்றிருக்கும். அது ஈரநிலத்தின்மேற் கிடக்கும். மறுமுனையில் 230 வோல்ற்று பம்பி நீரில் நிற்க, அதே நீரில் முழங்காலளவு ஒருவர் நிற்பார். 30 மில்லியம்பியர் ஒழுக்கிலேயே மின்னைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஆளி வீட்டில் உண்டா, அது வேலை செய்கின்றதா என்பதை அவர் முதலிற் சோதிக்கக் கற்றுக்கொண்டார். அதன் பரீட்சைப் பொத்தானை அழுத்தினால் வீட்டில் தொலைக்காட்சி அணையும். தொடர்நாடகம் பார்ப்போர் முகம் சுளிப்பர். பொத்தான் வேலை செய்யாத வீடுகளில், ஆள் உள்ளே நிற்கையில் பம்பியை அவர் ஓடவிடுவதில்லை. இறைத்து, நிறுத்தி, இறங்கி, ஏறி, மீண்டும் இறைத்து என ஒரு மணித்தியால வேலை மூன்றாகும்.

சொந்தமாக மின்பிறப்பாக்கி கொண்டுசெல்வதும் எளிதன்று. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது உண்பது ஆயிரம் வாற்றளவே. தொடங்கும் கணத்தில் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேற் கேட்கும். ஆகவே ஒரு கணத்துக்காகப் பெரிய பிறப்பாக்கியைச் சுமக்கவேண்டும். அது நாற்பது கிலோவுக்குக் குறையாது. சைக்கிள் போய் முச்சக்கரவண்டி வந்தது. கூலியில் ஒரு பகுதி அதற்குப் போயிற்று. அக்காலத்தில் சுன்னாகத்திலே வேறொரு வேடிக்கை நடந்தது, வேடிக்கையென்று சொல்லத் துணிந்தால். அங்கிருந்த அனல் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. மின்சாரத்தை ஆக்குவதற்காக அழுக்கான கிணறுகளை மின்சாரத்தால் இறைத்துத் துப்புரவாக்கலாமா என்று அவரிடம் சிலர் வந்து கேட்டனர். எண்ணெய் கலந்தது கிணற்றிலன்று, நிலத்தடி நீரில். இறைத்தால் இன்னும் வந்து சேரும் என்று சொல்லி அவர் அவ்வேலைகளை ஏற்கவில்லை.

2022 அனைத்தையும் நிறுத்திற்று. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்டது. கலன்களில் எரிபொருள் கொடுப்பது தடுக்கப்பட்டது. வாகனத்துக்கு இலக்கத்தகடு உண்டு. சைக்கிளின் பின்னே கட்டிய பம்பிக்கு ஏது? ஓகத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. அவ்வாண்டு ஆடி, ஆவணியில் அவர் பெரும்பாலும் திண்ணையிலேயே இருந்தார். தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்ற மகன் அத்திண்ணையில் ஒருநாள் கணக்குக் கொப்பியோடு அமர்ந்தான்.

“ஐயா, ஒரு கிணத்துக்கு அரை யூனிற் காணும். ஒரு லீற்றர் பெற்றோலுக்குள்ள ஒன்பது யூனிற் கிடக்கு. நீங்கள் இவ்வளவு காலமும் அதை எரிச்சது எதுக்கு?”

“ஊத்தை வெல்லுறதுக்கு.”

பேச்சு வழக்கில் ஊற்றைக் குறிக்கும் சொல்லும் அழுக்கைக் குறிக்கும் சொல்லும் இவ்விடத்தில் ஒன்றாகவே ஒலிக்கும். மகன் இரண்டாவதாக விளங்கிக்கொண்டு சிரித்தான். பின்னர் தந்தையின் முகத்தைப் பார்த்து முதலாவதாக விளங்கிக்கொண்டு கொப்பியை மறுபடி திறந்தான்.

அவனது முதல் முயற்சி தோற்றது. முச்சக்கரவண்டிக் கடையில் வாங்கிய பாவித்த வாகன மின்கலவடுக்கு இயந்திரத்தைத் தொடக்கும் சில நொடிகளுக்காக ஆக்கப்பட்டது. அதை நாள்தோறும் அடிவரை வற்றவிட்டாற் சில மாதங்களிற் பழுதாகும், பழுதாயிற்று. அதன் கொள்ளளவிற் பாதியைத்தான் தீங்கின்றி எடுக்கலாம் என்பதும், அந்தப் பாதிக்காக முப்பது கிலோ ஈயத்தைச் சுமக்கவேண்டும் என்பதும் கணக்கில் முன்னரே தெரிந்தவைதான். விலை குறைவென்பதால் கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த ஆண்டு கடன்பட்டு இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகையில் ஒன்றை வாங்கினான். 24 வோல்ற்று, 50 அம்பியர் மணி. ஓர் அலகுக்குச் சற்று மேல். நிறை பன்னிரண்டு கிலோ. அதனோடு ஐந்நூறு வாற்று நேரோட்ட நீர்மூழ்கிப் பம்பி. வீட்டுக் கூரையில் வைத்த இருநூறு வாற்று சூரிய மின்தகடு நல்ல வெயிலில் ஒரு நாளில் அதன் பாதிக்கு மேல் நிரப்பும். மீண்டும் சைக்கிள் போதுமாயிற்று.

தந்தை நம்பவில்லை. அவரது ஐயம் நியாயமானது. இப்பம்பி நிமிடத்துக்கு இருநூறு லீற்றர் இறைக்கும். நிமிடத்துக்கு நூறு ஊறும் கிணற்றில் அடிகாண ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். அதன்பின் ஆள் உள்ளே நிற்கும் நேரத்துக்கும் ஓடவேண்டும். வேலை முடியும் தறுவாயில் மின்கலமும் முடியும். இருநூறு ஊறும் கிணறானால் அடியே தெரியாது. இப்போது அவர்கள் கண்டுகொண்ட வழி இடைப்பட்டது. ஊற்றுப் பலமான கிணறுகளில், கிணற்றுக்கு அப்பால், காற்று வீசும் திசையிற் புகை கிணற்றை விட்டு விலகிப் போகத்தக்கதாகப் பெற்றோல் இயந்திரத்தை நிலத்தில் வைத்து முதற் பகுதியை இறைப்பர். ஆள் இறங்கும் வேளையில் அதை நிறுத்திவிட்டு மின்கலத்தை மட்டும் ஓடவிடுவர். அதற்கும் அடங்காத கிணறுகள் சில உண்டு. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, மறுகோடை நீர் இன்னும் தாழும்போது வருவதாகச் சொல்லித் திரும்புவர். வீட்டுக்காரர் சிலர் கோபிப்பர்.

புதிய பம்பியை முதன்முதலாக இறக்கிய நாள் ஆவணி மாதத்து ஒரு காலை. ஊற்று மெதுவான கிணறு. ஒன்றேகால் மணித்தியாலத்தில் அடி தெரிந்தது. மகன் இறங்கப் புறப்பட்டான், தந்தை விடவில்லை. பழைய வழக்கப்படி விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு, இடுப்பிற் கயிற்றைக் கட்டிக்கொண்டு தாமே இறங்கினார். மேலே மகன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து நின்றான். உள்ளே இரைச்சல் இல்லை. பம்பி நீருக்குள் மெல்ல முனகிற்று. கிழக்குப் பக்கக் கல்லிடுக்கிலிருந்து ஊற்று ஒழுகும் ஓசை கேட்டது. துலா மிதித்த நாட்களுக்குப் பின் அவர் அதைக் கேட்கவில்லை. சற்று நேரம் சேற்றில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயா?” என்று மேலிருந்து குரல் வந்தது. “என்ன, சத்தத்தைக் காணேல்லை?”

“இஞ்சதான் நிக்கிறன்” என்றார் அவர், திண்ணையிலிருந்து பேசுவதுபோல. “வாளியை விடு, தம்பி.”

வாளி இறங்கிற்று.